வெங்காய வேர்நுனியில் 4 குரோமோசோம்: பார்ப்பதை வரைகிறார்களா, படித்ததை வரைகிறார்களா?

வேர்நுனி:

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு செல் பிரிதல் பிராக்டிகல் எடுக்கிறேன். வழக்கமான வெங்காய வேர்நுனி ஸ்குவாஷ்தான் (நுனியை நசுக்கிப் பரப்பிய ஸ்லைடு), புதிதாக ஒன்றுமில்லை. ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தால், ஏறக்குறைய எல்லா நோட்டிலும் மெட்டாஃபேஸுக்கு (குரோமோசோம்கள் செல்லின் நடுவில் வந்து நிற்கும் நிலை) ஒரே படம். நடுவில் வரிசை பிசகாமல் 4 குரோமோசோம், இரண்டு பக்கமும் அவற்றை இழுக்கும் கதிர் இழைகள், துருவத்துக்கு ஒரு சென்ட்ரியோல் (விலங்குச் செல்லில் கதிரின் முனையில் இருக்கும் நுண்ணுறுப்பு). வெங்காயத்துக்கு 2n = 16, அதாவது ஒரு செல்லுக்கு 16 குரோமோசோம். வெங்காயச் செல்லில் சென்ட்ரியோலே கிடையாது. கதிர் இழை இருக்கிறது, ஆனால் அசிட்டோகார்மைன் அதற்குச் சாயம் ஏற்றாது, நம் மைக்ராஸ்கோப்பில் கண்ணில் படாது. வரைந்த எதுவும் ஸ்லைடில் பார்த்து வரைந்ததில்லை.

இத்தனைக்கும் யாரும் ஏமாற்றவில்லை. நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். ஃபோகஸ் செய்தார்கள், தேடினார்கள், "சார், மெட்டாஃபேஸ் கிடைச்சிருச்சு" என்று கூப்பிட்டுக் காட்டினார்கள், அது உண்மையாகவே மெட்டாஃபேஸ்தான். அப்புறம் கண்ணை எடுத்து நோட்டுக்குத் திரும்பியதும் கை தானாகப் பாடப்புத்தகப் படத்தைப் போட்டுவிடுகிறது.

ஸ்லைடு பார்த்து முடிக்கும்வரை படத்தைக் கண்ணில் காட்டாமல் வைத்தால் என்ன? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பழைய பெஞ்ச்:

செய்து பார்த்தவன்தான், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். படம் காட்டாமல் விட்டால் முதலில் வரைவது காற்றுக்குமிழியை. கறுப்பு விளிம்போடு கச்சிதமான வட்டமாக இருக்கிறதா, "செல்" என்று பெயர் எழுதி அம்புக்குறியும் போட்டுவிடுவார்கள். அடுத்து தன் இமைமயிர். பழகாத கண்ணுக்கு அந்த ஸ்லைடு முழுக்க சிவப்புக் கறைதான். எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தால்தான் தேடியது கிடைக்கும்.

விளக்கப்படத்தை ஏன் இப்படித் திட்டுகிறோம் என்று புரியவில்லை. 16 குரோமோசோமையும் போட்டால் குரோமாட்டிடுகள் (ஒரு குரோமோசோமின் இரண்டு நகல்கள்) எப்படிப் பிரிகின்றன என்பதே மாணவனுக்குத் தெரியாமல் போய்விடும், அதனால் 4 போதும் என்று குறைத்தார்கள். நியாயமான குறைப்பு. "எண்ணிக்கை உண்மையானதல்ல" என்று கீழே ஒரு வரி போட்டிருக்கலாம், அதை யாரும் போடவில்லை, அவ்வளவுதான் குறை.

மூன்றாம் வருஷம்:

மாணவன் தரப்பையும் கேளுங்கள். முதலாண்டில் நான் பார்த்ததை அப்படியே வரைந்தேன். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த கொத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, எண்ண முடியாத மாதிரி. "தெளிவில்லை, மறுபடி வரையவும்" என்று சிவப்பு மையில் வந்தது. பக்கத்தில் இருந்தவன் ஸ்லைடே சரியாக வராமல் புத்தகத்தைப் பார்த்துப் போட்டான், அவனுக்கு "நன்று". அதோடு மைக்ராஸ்கோப்புக்கும் நோட்டுக்கும் இருந்த சம்பந்தத்தை நானும் அறுத்துவிட்டேன். மார்க் போடுகிறவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதைத்தானே சார் வரைய முடியும்?

பழ ஈ:

நான் ஆராய்ச்சி லேபில் இருப்பவள், பாடம் எடுப்பதில்லை. ஆனால் இதற்கு மாணவர்களை மட்டும் குறை சொல்லவே முடியாது. மனிதனுக்கு 46 குரோமோசோம் என்று இன்று பள்ளிப் பிள்ளையே சொல்லும். 1956 வரை அது 48. எல்லாப் பாடப்புத்தகத்திலும் 48.

கதை எப்படி என்றால், தியோஃபிலஸ் பெயின்ட்டர் 1921இல் எழுதிய முதல் குறிப்பில், தெளிவாக இருந்த செல்களில் 46தான் தெரிகிறது என்றே சொன்னார். 1923இல் வந்த பெரிய கட்டுரையில் 48 என்று முடிவுக்கு வந்துவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. விரைத்திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்த காலம் அது. ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும் குரோமோசோம்களில் எது ஒன்று, எது வெட்டுப்பட்ட பாதி என்று யார் கண்டார்? எனக்கு வியப்பெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததில்தான். 1952இல் டி. சி. ஷூ என்பவருக்கு, உப்புச் செறிவு குறைந்த கரைசலில் செல்லை ஊறவைத்தால் செல் உப்பி குரோமோசோம்கள் விலகி நிற்கும் என்று தெரியவந்தது, அதுவும் லேபில் யாரோ கரைசலைத் தப்பாகக் கலந்த புண்ணியத்தில். அத்தனை தெளிவான ஸ்லைடைக் கையில் வைத்துக்கொண்டு அவரும் 48 என்றே எழுதினார்.

கடைசியில் சுவீடனில் லுண்ட் நகரத்தில் 1955 டிசம்பரில் ஜோ ஹின் சியோ, கருவின் நுரையீரலிலிருந்து வளர்த்த செல்களில் எண்ணிப் பார்த்தபோது 46. ஆல்பர்ட் லெவானோடு சேர்ந்து 1956இல் வெளியிட்டார். அந்தக் கட்டுரையில் ஒரு குறிப்பு இருக்கிறது, அதை ஒவ்வொரு புது மாணவனுக்கும் வாசித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. அவர்களுக்குச் சற்று முன்பு வேறொரு குழு கருவின் கல்லீரல் செல்களில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தது, 48 குரோமோசோமும் கிடைக்கவில்லை என்பதால் வேலையை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஸ்லைடு திரும்பத் திரும்ப 46 என்று சொல்கிறது, அவர்கள் மீதி 2 எங்கே என்று தேடுகிறார்கள்! வேர்நுனி சாரின் மாணவர்கள் 16ஐ 4 ஆக்கியதில் என்ன ஆச்சரியம்?

இந்த உரையாடலுக்குப் பொருத்தமாக இன்னொன்று. லெவான் அடிப்படையில் தாவர செல்லியல்காரர். செல் பிரிதலைப் பாதியில் நிறுத்தும் கோல்ச்சிசினைப் போட்டால் வெங்காய வேர்நுனியில் என்ன ஆகிறது என்று 1938இலேயே கட்டுரை எழுதியவர். மனிதக் கணக்கைத் திருத்தியதில் அந்த வேர்நுனிக்கும் பங்கு உண்டு.

பழைய பெஞ்ச்:

பழ ஈ மேடம் சொன்னது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது, கவனித்தீர்களா? ஷூவிடம் நல்ல ஸ்லைடு இருந்தது, கண் இருந்தது, பயிற்சி இருந்தது. "பார்த்ததை வரை" என்று சொன்னால் போதும் என்றால் அவருக்கே 46 கிடைத்திருக்க வேண்டும்.

இன்னும் ஒரு உதாரணம். கோல்ஜி கண்டுபிடித்த வெள்ளிச் சாயம், அதையே மேம்படுத்திப் பயன்படுத்தியவர் கஹால். இருவரும் நரம்புத்திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து வரைந்தவர்கள். கோல்ஜிக்கு அது தொடர்ச்சியான ஒரே வலை, கஹாலுக்குத் தனித்தனி செல்கள். 1906இல் நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள், மேடையில் கோல்ஜி தன் உரையிலேயே, தனித்தனி செல்கள் என்ற நியூரான் கொள்கையைத் தாக்கிப் பேசினார். ஒரே சாயம், ஒரே திசு, இரண்டு படம். கண் தனியாக எதையும் பார்ப்பதில்லை, மனசில் இருப்பதோடு சேர்ந்துதான் பார்க்கிறது. அப்படியிருக்க முதலாண்டுப் பையனுக்கு ஒன்றுமே சொல்லாமல் ஸ்லைடை நீட்டுவது அவனைக் குளத்தில் தள்ளி நீச்சல் கற்றுக்கொடுக்கிற வேலை.

பழ ஈ:

ஒரு வித்தியாசம் இருக்கிறது, ஐயா. கஹாலும் கோல்ஜியும் எதிரெதிராக வரைந்ததால்தான் சண்டை வந்தது, சண்டை வந்ததால்தான் விஷயம் முடிவுக்கு வந்தது. அறுபது நோட்டிலும் ஒரே படம் இருந்தால் சண்டைக்கு இடமே இல்லையே.

கைவர்க்கம்:

தாமதமாக வருகிறேன், எனக்குப் படம் வரையத் தெரியாது, எண்ணத் தெரியும். புள்ளியியல் வாத்தியார்.

இதே நோய் மரபியல் பிராக்டிகலிலும் உண்டு. பட்டாணி விதை அல்லது வண்ண மணிகளைக் கொடுத்து 3:1 வருகிறதா என்று எண்ணச் சொல்வோம். ஆளுக்கு 40 என்று வைத்துக்கொள்ளுங்கள், எதிர்பார்ப்பது 30:10. கணக்குப் போட்டால் திட்டவிலக்கம் சுமார் 2.7. அதாவது 25 வந்தாலும் 35 வந்தாலும் சாதாரணம், துல்லியமாக 30 வருவது ஏறக்குறைய 7 பேரில் ஒருவருக்குத்தான். ஆனால் நோட்டுகளை வாங்கிப் பார்த்தால் பாதி வகுப்புக்கு 30:10, மீதிப் பேருக்கு 29:11 அல்லது 31:9. 26 வந்த பிள்ளை "நான்தான் தப்பா எண்ணிட்டேன் போல" என்று திருத்திக்கொள்கிறது. அந்தப் பிள்ளைதான் சரியாக எண்ணியது.

மெண்டலுக்கே இந்தச் சந்தேகம் வந்து சேர்ந்தது. உருண்டை, சுருக்கம் என்று அவர் கொடுத்த கணக்கு 5474க்கு 1850, அதாவது 2.96:1. தனியாக எடுத்தால் இதில் ஒரு தவறும் இல்லை. அவருடைய சோதனைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த புள்ளியியலாளர் ஃபிஷர் 1936இல், இவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போவது இயல்புக்கு மாறானது என்று எழுதினார். அந்த விவாதம் இன்றுவரை ஓயவில்லை. மெண்டல் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. இரண்டுங்கெட்டானாக இருக்கிற ஒரு விதையை எந்தப் பக்கம் போடுவது என்று தயங்கும்போது, எதிர்பார்ப்பு கையை லேசாகத் தள்ளிவிட்டிருக்கும். முதலாண்டு மாணவனுக்கு நடப்பதும் அதுதான்.

சுருங்கிய பட்டாணி ஏன் சுருங்குகிறது என்பது 1990இல்தான் மூலக்கூறு அளவில் தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மாவுச்சத்தைக் கிளைக்க வைக்கும் நொதியின் மரபணுவுக்குள் ஒரு டிஎன்ஏ துண்டு புகுந்துகொண்டது, மாவுச்சத்து குறைந்து சர்க்கரை தங்குகிறது, சர்க்கரை தண்ணீரை இழுக்கிறது, விதை உப்பி வளர்ந்து, காயும்போது தோல் சுருங்குகிறது. "ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு" என்று மந்திரம் மாதிரி ஒப்பிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மூன்றாம் வருஷம்:

சார், நாக்கைச் சுருட்டுவதும் மெண்டல் பண்பு என்று வகுப்பு முழுவதும் நாக்கை நீட்டச் சொல்லிக் கணக்கெடுத்தோமே, அது?

கைவர்க்கம்:

அதை எடுத்துக் குப்பையில் போடுங்கள். மரபியலாளர் ஸ்டர்ட்டிவன்ட் 1940இல் அப்படிச் சொன்னார். 1952இல் மேட்லாக் 33 ஜோடி ஒரே உருவ இரட்டையர்களைப் பார்த்தார், அதில் 7 ஜோடியில் ஒருவருக்கு நாக்கு சுருளும், மற்றவருக்குச் சுருளாது. ஒரே மரபணுதான் முடிவு செய்கிறது என்றால் இது நடக்கவே கூடாது. இதை இன்னும் மெண்டல் பண்பாக எழுதுகிறார்களே என்று ஸ்டர்ட்டிவன்ட்டே 1965இல் சங்கடப்பட்டார். அதற்குப் பிறகும் எத்தனை வகுப்பறைகளில் இது நடக்கிறது பாருங்கள். பெற்றோர் இருவருக்கும் சுருளவில்லை, தனக்குச் சுருள்கிறது என்று கண்டுபிடித்த ஒரு பிள்ளை மனசில் என்ன ஓடும் என்று யாராவது யோசித்தார்களா? இரத்த வகைப் பாடத்திலும் கவனம் வேண்டும், ஆனால் அங்கேயாவது அறிவியல் சரி.

மைட்டோ:

இடையில் ஒரு கேள்வி. செல் ஒரு குளுக்கோஸை எரித்தால் கிடைக்கும் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) 38ஆ, 36ஆ, 32ஆ? இதுவும் அந்த 48 மாதிரிதானா?

பழ ஈ:

கிட்டத்தட்ட. குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரானைச் சுமந்து வரும் மூலக்கூறுகளில் ஒரு என்ஏடிஹெச்சுக்கு 3, எஃப்ஏடிஹெச்2க்கு 2 என்று முழு எண்ணாகப் பெருக்கினால் 38. புரோட்டான் கணக்கை வைத்துப் பார்த்தால் சுமார் 2.5, 1.5 தான், அப்போது 30 முதல் 32. முழு எண்ணாக வரவேண்டிய கட்டாயமே இல்லை, சவ்வுக்கு இந்தப் பக்கம் புரோட்டான் தேங்குகிறது, அந்தப் பக்கம் போகும்போது ஏடிபி செய்யும் நொதி சக்கரம் மாதிரி சுழல்கிறது, வழியில் கொஞ்சம் கசியவும் செய்கிறது. தேர்வில் எது கேட்கிறார்களோ அதை எழுதிவிட்டு வாருங்கள், மனசில் 30 சொச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சுக்குத் திரும்புகிறேன். இதை நான் ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், இந்தப் பழக்கம் ரெக்கார்டு நோட்டோடு நிற்பதில்லை. எங்கள் லேபுக்கு வரும் புதியவர்களிடம் ஈயின் சிறகுத்தட்டில் (புழுவுக்குள் இருக்கும், பின்னால் சிறகாகும் திசு) ஒரு புரதம் எங்கே இருக்கிறது என்று படம் எடுக்கச் சொல்வேன். ஐம்பது சிறகுத்தட்டு எடுத்திருப்பார்கள், எனக்குக் காட்டுவது ஒன்றே ஒன்று, "நல்லா வந்தது". மீதி? "அதெல்லாம் சரியா வரலை மேடம்." சரியாக வரவில்லை என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல், நாங்கள் எதிர்பார்த்த மாதிரி இல்லை என்பதுதான். ஆய்விதழில் "மாதிரிப் படம்" என்று போடுவார்களே, அது எத்தனையில் ஒன்று என்று கேட்டால் பல பேருக்குப் பதில் வராது. 2016இல் எலிசபெத் பிக்கும் இரண்டு சகாக்களும் 40 ஆய்விதழ்களிலிருந்து 20,621 கட்டுரைகளைக் கண்ணாலேயே பார்த்துச் சலித்தார்கள், 3.8 சதவீதத்தில் ஒரே படம் இரண்டு இடத்தில் வருவது மாதிரியான சிக்கல், அதில் பாதிக்காவது வேண்டுமென்றே செய்ததற்கான அறிகுறி. முதலாண்டு நோட்டிலிருந்து நேராக அங்கே போய்ச் சேர்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் "எதிர்பார்த்த படத்துக்குத்தான் மார்க்" என்று பதினெட்டு வயதில் ஒருவர் கற்றுக்கொண்டால், அதைப் பிறகு மறக்கடிப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும்.

வேர்நுனி:

எல்லோருக்கும் நன்றி, எதிர்பார்த்ததைவிட நிறைய கிடைத்துவிட்டது. பழைய பெஞ்ச் ஐயா சொன்ன காற்றுக்குமிழி ஆபத்து உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். அதனால் இப்படி யோசிக்கிறேன். முதல் நாள் காற்றுக்குமிழி, தூசி, இழை இவற்றை மட்டும் காட்டிவிடுவது, "இவை செல் இல்லை" என்று. அப்புறம் ஸ்லைடு. இடதுபக்கத் தாளில் பென்சிலில் பார்த்தது, சாய்ந்திருந்தால் சாய்ந்தபடி, கொத்தாக இருந்தால் கொத்தாக. அதில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் விளக்கப்படம், அதை வலதுபக்கம் வரையலாம். கீழே இரண்டு வரி: இடதுக்கும் வலதுக்கும் என்ன வேறுபாடு, ஏன். மார்க் அந்த இரண்டு வரிக்கு. மூன்றாம் வருஷம், இது உங்களுக்குச் சரியாகப்படுகிறதா?

மூன்றாம் வருஷம்:

எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பிராக்டிகல் தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் இடதுபக்கத்தைப் பார்த்தால் என்ன சொல்வார்?

வேர்நுனி:

அவருக்கு வலதுபக்கம் இருக்கிறது. அவரோடு நான் பேசிக்கொள்கிறேன்.

கைவர்க்கம்:

படத்தோடு எண்ணிக்கையையும் சேருங்கள். ஆளுக்கு 200 செல் எண்ணி, இடைநிலையில் (இன்டர்ஃபேஸ், அதாவது இன்னும் பிரியத் தொடங்காத நிலை) எத்தனை, புரோஃபேஸில் எத்தனை என்று அட்டவணை போடட்டும். பெரும்பாலான செல்கள் இடைநிலையில்தான் இருக்கும். பாடப்புத்தகம் நான்கு நிலைக்கும் சம அளவு கட்டம் போட்டுக் காட்டுவதால் நான்கும் சம நேரம் எடுக்கும் என்றே பிள்ளைகள் நம்புகிறார்கள், இந்த அட்டவணை அதை ஒரே நாளில் உடைத்துவிடும். எந்த நிலையில் நிறைய செல் இருக்கிறதோ அது நீண்ட நேரம் எடுக்கிறது என்று அவர்களே வந்து சொல்வார்கள். பிரிந்து பெருகும் திசுவில் இளம் செல்கள் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்பதால் கணக்கு அச்சாக ஒத்துவராது, அதை மூன்றாம் ஆண்டில் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஒரே வேர்நுனியிலிருந்து ஆயிரம் செல் எண்ணினாலும் வேர் ஒன்றுதான். ஒரே மாதிரியைப் பலமுறை அளந்துவிட்டுப் பல மாதிரி என்று கணக்குக் காட்டும் போலி மடங்குச் சோதனைக்காக ஹர்ல்பர்ட் 1984இல் சூழலியல்காரர்களை வெளுத்து வாங்கினாரே, அதே சமாச்சாரம். வகுப்பில் ஆளுக்கு வேறு வேறு வெங்காயத்தின் வேர் என்று பிரித்துக் கொடுங்கள், பிறகு கரும்பலகையில் எல்லோருடைய எண்ணையும் எழுதிவையுங்கள். ஒருத்தர் எண்ணும் மற்றவர் எண்ணும் ஒத்துப்போகாது, அதைப் பார்த்து அவர்கள் பயப்படாமல் இருந்தால் போதும்.

பழைய பெஞ்ச்:

இரண்டு பக்கத் திட்டத்துக்கு நான் எதிரி இல்லை. பார்ப்பதற்கு முன் ஒரு படமாவது காட்ட வேண்டும் என்ற என் கருத்தும் மாறவில்லை. அதைக் கரும்பலகை விளக்கப்படமாகக் காட்டாமல், உண்மையான ஸ்லைடின் புகைப்படமாகக் காட்டுங்கள், மங்கலும் சாய்வும் கொத்துமாக. நடுவழியாக வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஸ்லைடு நன்றாக வந்தால்தான் இந்தத் தத்துவம் எல்லாம். பாதிப் பேருக்கு மெட்டாஃபேஸே கிடைக்காததற்குக் காரணம் நுனியை நீளமாக நறுக்குவது. அரை சென்டிமீட்டர் வெட்டினால் நீண்டு வளர்ந்த, பிரிவதை நிறுத்திய செல்கள்தான் ஸ்லைடை நிரப்பும். கடைசி 1 அல்லது 2 மில்லிமீட்டர், கெட்டியான வெள்ளையாகத் தெரியும் பகுதி மட்டும் போதும். 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரியில் 5 முதல் 10 நிமிடம் வைத்தால் செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் கரைந்து, அழுத்தும்போது ஒரே அடுக்காகப் பரவும். அழுத்தும்போது கவர்ஸ்லிப் பக்கவாட்டில் நகரக்கூடாது, வடிதாளை மேலே வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். பிள்ளைகள் தேய்ப்பார்கள், தேய்த்தால் எல்லாம் சுருண்டு போகும்.

வேர்நுனி:

16ஐயும் எண்ண வைக்க வேண்டும் என்றால்?

பழைய பெஞ்ச்:

வேரை நிலைப்படுத்துவதற்கு (செல்களை இருந்தபடியே நிறுத்திப் பதப்படுத்துவதற்கு) முன்பு 0.002 மோலார் 8-ஹைட்ராக்ஸிகுவினோலினில் குளிர்ச்சியாக, 14 முதல் 18 டிகிரிக்குள், மூன்று நான்கு மணி நேரம் வையுங்கள். கதிர் உருவாகாது, குரோமோசோம்கள் குட்டையாகிச் சிதறி நிற்கும், எண்ணிவிடலாம். ஆனால் கதிர் இல்லை என்பதால் அந்த ஸ்லைடில் அனாஃபேஸ் (குரோமோசோம்கள் இரு துருவத்துக்கும் பிரிந்து போகும் நிலை) ஏறக்குறைய கிடைக்கவே கிடைக்காது. ஆகவே இரண்டு தொகுதி வேர் வேண்டும், ஒன்றை ஊறவைத்து எண்ணுவதற்கு, இன்னொன்றை ஊறவைக்காமல் நிலைகளைப் பார்ப்பதற்கு. ஊறவைத்த ஸ்லைடில் பார்த்ததாக எவனாவது அழகான அனாஃபேஸ் வரைந்து கொண்டுவந்தால் அவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாம் வருஷம்:

ஐயா, இது பொறி வைத்துப் பிடிக்கிற வேலை!

பழைய பெஞ்ச்:

ஆமாம். எப்போதாவது ஒருவன் நிஜமாகவே காட்டிவிடுவான், மருந்து சரியாக ஏறாத ஏதாவது ஒரு செல்லில். அவனுக்கு முழு மார்க் போட்டுவிடுங்கள்.